வீட்டுக்கும் ஒரு தீர்மானம் எழுதுவோம்

இந்த மாதப் பாடம்: பிள்ளையும் கம்ப்யூட்டரும்



ஓசூர் பக்கத்தில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அம்மாவுக்கு சிப்காட்டில் கம்பெனி வேலை. இரண்டாவது ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கி வீடு வந்து சேரும்போது இரவு மணி பதினொன்றரை. உள் அறையில் வெளிச்சம் தெரிகிறது. பத்தாவது படிக்கும் மகன், அக்காவின் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறான்.

"ஏன்டா, இன்னும் தூங்கலையா?"

"புராஜெக்ட் பண்றேம்மா."

அம்மாவுக்கு நம்பத்தான் ஆசை. ஆனால் காலாண்டுத் தேர்வில் கணக்கில் 28 மார்க். கோபத்தில் லேப்டாப்பைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பையன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பள்ளி விட்டு நேராக நண்பன் வீட்டுக்குப் போனான். இருட்டின பிறகுதான் வந்தான். அக்காவின் கல்லூரி வேலையும் நின்றுபோனது.

இது யார் வீட்டுக் கதை? நம்மில் பலர் வீட்டுக் கதைதான்.

ஏன் இப்படி ஆகிறது?

2011-ல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தால்தான் நம்மில் பல வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. 2020-ல் கொரோனாவால் பள்ளி மூடியபோது பாடமே போனுக்குள் வந்துவிட்டது. ஆகவே கம்ப்யூட்டர் வேண்டாம் என்று நாம் சொல்ல முடியாது. பாடமும் அதில்தான், விளையாட்டும் அதில்தான். சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

பிள்ளை சோம்பேறி என்பதால் மட்டும் இப்படி நடப்பதில்லை. ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறது. விளையாட்டில் தினமும் வந்தால் பரிசு கிடைக்கிறது. நாலு நண்பர்கள் சேர்ந்து ஆடும்போது நடுவில் எழுந்தால் குழுவே தோற்றுவிடும். எழுந்து போகாதபடிதான் இவற்றைச் செய்து வைத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கே கையை எடுக்க முடியவில்லை என்றால் பிள்ளைக்கு எப்படி முடியும்?

நமக்குத் தெரிந்த வழி

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கின. அப்போது கிருஷ்ணகிரியும் ஓசூரும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. 2004-ல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. ஆக, குழு நடத்தும் வித்தை நம் மண்ணுக்குப் பழசு.

குழுவில் ஒருவர் சேமிப்பைத் தாமதமாகக் கட்டினால் என்ன செய்கிறோம்? அடிக்கிறோமா? இல்லை. எல்லோரும் உட்கார்ந்து பேசி விதி வைக்கிறோம். மீறினால் என்ன அபராதம் என்றும் முன்பே முடிவு செய்கிறோம். தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுகிறோம். ஊக்குநருக்கும் அதே விதிதான். அதனால்தான் விதி நிற்கிறது. வீட்டிலும் இதையே செய்யலாம்.

அந்த அம்மாவும் வார விடுமுறை நாளில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். மகன் முதலில் கேட்டது இதுதான்:

"எனக்கு மட்டும் சட்டமாம்மா? நீயும் சாப்பிடும்போது போன்தானே பாக்குற?"

அம்மாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும், "சரிடா, எனக்கும் சேத்து எழுது" என்றார்.

தீர்மானத்தில் என்ன எழுதலாம்?

1. இடம்: லேப்டாப் உள் அறையில் வேண்டாம். எல்லோரும் நடமாடும் கூடத்தில், திரை வாசலைப் பார்த்தபடி இருக்கட்டும்.

2. நேரம்: முதலில் பாடம், பிறகு விளையாட்டு. பள்ளி நாளில் எவ்வளவு, லீவு நாளில் எவ்வளவு என்று பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். பேரம் பேசி முடிவு செய்யுங்கள்.

3. நிறுத்தும் முறை: "இந்த மேட்ச் மட்டும் முடியட்டும்" என்று பிள்ளை சொல்வது பல நேரம் உண்மை. ஒரு மேட்ச் எத்தனை நிமிடம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் முன்பே, "இனிமே புதுசா தொடங்காதே" என்று சொல்லிவிடுங்கள். நடுவில் பிடுங்கினால் சண்டைதான் மிஞ்சும்.

4. இரவு: பல வீடுகளில் லேப்டாப்புக்கு நெட் வருவது பெரியவர்கள் போனில் இருந்துதான். படுக்கும் நேரம் வந்ததும் ஹாட்ஸ்பாட்டை நிறுத்துங்கள். பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கட்டும். ஷிப்டுக்குப் போகும் நாளில் இந்தப் பொறுப்பு யாருடையது என்றும் எழுதுங்கள்.

5. கருவிகள்: யூடியூபில் வீடியோ தானாக ஓடுவதை நிறுத்தி வைக்கலாம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் பிள்ளைக்குத் தனிக் கணக்கு தொடங்கி நேர வரம்பு வைக்கலாம். ஆண்ட்ராய்டு போனுக்கு கூகுளின் ஃபேமிலி லிங்க் இருக்கிறது. தெரியாவிட்டால் தெரிந்த பிள்ளையிடம் கேளுங்கள், வெட்கம் வேண்டாம்.

6. மாற்று: கையில் இருப்பதை வாங்கினால் வேறொன்று கொடுக்க வேண்டும். மைதானம், நூலகம், கபடி, அம்மாவோடு சந்தைக்குப் போவது என எதுவும் ஆகலாம்.

7. அபராதம்: பிள்ளை மீறினால் மறுநாள் விளையாட்டு நேரம் பாதி. அம்மா மீறினால் அவன் கேட்கும் பலகாரம்!

பணத்தில் கவனம்

கடன் தவணைக்கு வைத்த பணம் விளையாட்டில் போய்விடக் கூடாது. யுபிஐ ரகசிய எண்ணைப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. ஆன்லைனில் பணம் ஏமாந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

எப்போது உதவி கேட்க வேண்டும்?

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனமும் இருக்கிறது. அது மூன்று அடையாளங்களைச் சொல்கிறது. நிறுத்த நினைத்தாலும் முடியாமல் போவது ஒன்று. படிப்பு, சாப்பாடு, நண்பர்கள் எல்லாவற்றையும் விட விளையாட்டே பெரிதாவது இரண்டு. கெடுதல் தெரிந்தும் தொடர்வது மூன்று. பொதுவாக ஒரு வருடம் இப்படி நீடித்தால்தான் நோய் என்பார்கள். அதிகம் விளையாடுகிற பிள்ளை எல்லாம் நோயாளி இல்லை. ஆனால் உதவி கேட்க ஒரு வருடம் காத்திருக்கவும் வேண்டாம்.

பெங்களூரு ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்றே 2014-ல் தனிப் பிரிவு தொடங்கினார்கள். வீட்டிலிருந்தே பேச வேண்டுமானால் 14416 என்ற இலவச எண் உண்டு, தமிழிலும் பேசலாம். பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098.

அந்த வீட்டில் என்ன ஆனது?

முதல் வாரம் இரண்டு நாள் பையன் மீறினான். ஒரு நாள் அம்மா மீறினார், போண்டா சுட்டார். மூன்றாவது வாரம் ஷிப்ட் முடிந்து வந்தபோது கூடத்தில் விளக்கு அணைந்திருந்தது. அரையாண்டில் கணக்கில் 41 மார்க். பெரிய மார்க் இல்லைதான். ஆனால் அந்த நோட்டைக் காட்ட அவனே ஓடி வந்தான்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

* நம் வீட்டில் கம்ப்யூட்டரும் போனும் இரவில் எங்கே இருக்கின்றன?
* நாம் ஷிப்டில் இருக்கும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார்? பக்கத்து வீட்டுச் சகோதரிகள் மாறி மாறி உதவ முடியுமா?
* பிள்ளை ஆடும் விளையாட்டின் பெயர் நமக்குத் தெரியுமா?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் வீட்டுத் தீர்மானத்தையும் கொண்டு வாருங்கள். பிள்ளையின் கையெழுத்தும் அதில் இருக்கட்டும்.