நாய் உண்ணியால் காய்ச்சல் வருமா?

கேள்வி: எங்கள் நாயின் மேல் நிறைய உண்ணி. பேரன் அவற்றைக் கையாலேயே பிடுங்கி நசுக்குகிறான். காய்ச்சல் வரும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: வரலாம். சில உண்ணிகளின் உடலில் ரிக்கெட்சியா என்ற கிருமி இருக்கும். கடித்தால்தான் என்றில்லை, நசுக்கிய விரலில் கீறல் இருந்தாலும், அதே கையால் கண்ணைக் கசக்கினாலும் உள்ளே போய்விடும். பேரனின் விளையாட்டை இன்றே நிறுத்துங்கள்!

கடித்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் கடும் காய்ச்சல், தலைவலி. சில நாளில் சிவந்த புள்ளிகள். கிருமி ரத்தக்குழாய்களின் உட்சுவரைத் தாக்குவதால் வருபவை அவை. உள்ளங்கை, உள்ளங்காலிலும் தெரிந்தால் மருத்துவருக்குச் சந்தேகம் வந்துவிடும். அம்மை என்று வேப்பிலை செருகி வீட்டிலேயே வைத்துக்கொள்வார்களே, எனக்கு அதுதான் பயம். டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான பழைய மருந்துக்கே இது கட்டுப்படும், குழந்தைகளுக்கும் தருவார்கள். ஆனால் சீக்கிரம் தொடங்க வேண்டும். ரத்தப் பரிசோதனை ஆரம்பத்தில் கைகொடுக்காது என்பதால், வீட்டில் உண்ணி இருப்பதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

உண்ணி இந்நோயைப் பரப்புவதை 1906இல் அமெரிக்காவில் நிரூபித்தவர் ஹோவர்ட் ரிக்கெட்ஸ். பாவம், 1910இல் மெக்சிகோவில் டைபஸ் என்ற காய்ச்சலை ஆராயப் போய் அதற்கே பலியானார்.

தோலில் ஒட்டிய உண்ணியை இடுக்கியால் அடியில் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம். நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.