சுரங்கக் கழிவும் கழிமுகச் சேறும்

ஆறு கடலோடு கலக்கும் இடத்தைக் கழிமுகம் என்கிறோம். அங்கே நீர் தெளிவாயிருந்தால் எல்லாம் நலமே என்று எண்ணிவிடுகிறோம். இங்கிலாந்தில் கார்ன்வால் பகுதியிலுள்ள ஃபால் கழிமுகம் கூறும் செய்தி வேறு.

கார்ன்வாலில் வெள்ளீயமும் செம்பும் பல நூற்றாண்டுகளாக வெட்டி எடுக்கப்பட்டன. அவற்றோடு கந்தகம் சேர்ந்த இரும்புத் தாதும் உண்டு. மண்ணுக்குள் மூடிக்கிடக்கும்வரை அதனால் தீங்கு குறைவு. சுரங்கம் தோண்டியபின் காற்றும் நீரும் பட்டு, கந்தக அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் செம்பு, துத்தநாகம், காட்மியம், ஆர்செனிக் ஆகியவற்றைக் கரைத்து ஆற்றில் சேர்க்கிறது. கடல்நீரோடு கலந்ததும் அமிலம் வலுவிழக்கிறது. கரைந்திருந்த இரும்பு காவிநிறத் துகள்களாகத் திரண்டு, செம்பிலும் ஆர்செனிக்கிலும் பெரும்பகுதியைப் பற்றிக்கொண்டு அடியில் படிகிறது. மேலே நீர் தெளிந்துவிடும்.

வீல் ஜேன் என்னும் வெள்ளீயச் சுரங்கம் 1991-இல் மூடப்பட்டது. நீர் இறைக்கும் பம்புகளும் நின்றன. 1992 ஜனவரியில், உள்ளே நிரம்பிய நீர் சுமார் 5 கோடி லிட்டர் கார்னன் ஆற்றில் பாய்ந்து, கழிமுகத்தை ஆரஞ்சு நிறமாக்கிற்று. நாடே திடுக்கிட்டது. ஆனால் அடிச்சேற்றின் சிற்றுயிர்களை ஆராய்ந்தவர்கள், அவ்வெள்ளத்தால் பெரிய மாறுதல் எதையும் காணவில்லை!

இதைக் கேட்டு மகிழ வேண்டாம், தோழியரே. கார்னன் ஆறு வந்து சேரும் ரெஸ்ட்ராங்கெட் கழியில், ஒரு கிலோ உலர்ந்த சேற்றில் 2 கிராமுக்கு மேல் செம்பு உண்டு. மாசற்ற கழிமுகங்களில் அது சில பத்து மில்லிகிராம்தான். தாங்க இயலாத சிப்பியினங்கள் அங்கே முன்பே அருகிப்போயின. புதிய வெள்ளம் வந்தபோது எஞ்சியிருந்தவை, நஞ்சுக்குப் பழகியவை மட்டுமே.

அவற்றுள் ஒன்று, விலங்கியல் பாடத்தில் வரும் நீரிஸ் புழுவின் இனம். பிற கழிமுகங்களிலுள்ள அதே இனப் புழுக்களைக் கொல்லும் அளவு செம்பை இக்கழியின் புழுக்கள் தாங்குகின்றன என்று பிளிமத் கடலுயிர் ஆய்வகத்தார் 1970-களின் தொடக்கத்திலேயே கண்டனர். துத்தநாகத்தை அப்புழு ஓரளவு கட்டுப்படுத்திக்கொள்கிறது. செம்போ உடலில் சேர்ந்துகொண்டே போகிறது. புழு பிழைத்துவிட்டது, உண்மைதான். அதைத் தின்னும் மீனுக்கும் நண்டுக்கும் பறவைக்கும் அந்தச் செம்பும் சேர்ந்தே இரையாகிறது. ஃபால் கழிமுகத்தில் செம்பு மிகுந்து பச்சையாகிப்போன சிப்பிகளைப் பற்றி 19-ஆம் நூற்றாண்டிலேயே பேச்சு இருந்தது.

2000-ஆம் ஆண்டுமுதல் சுரங்க நீரில் சுண்ணாம்பு சேர்த்து, உலோகங்களைப் பிரித்தபின்பே ஆற்றில் விடுகிறார்கள். சுரங்கம் மூடியிருந்தாலும் நீர் ஊறுவது நிற்காததால் இந்த வேலைக்கு ஓய்வில்லை. கழியின் அடியில் முன்பே படிந்த சேற்றைச் சுண்ணாம்பு எட்டுவதில்லை. அதை அப்படியே கலக்காமல் விட்டிருக்கிறார்கள்.