கல் கிடந்த இடமும் கல் பிறந்த இடமும்

அன்புள்ள கயலுக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய வாட்ச் படங்களைப் பார்த்தேன். நீ புதைபடிவம் தேடிப் போகும் காரை ஊர் ஓடைகளில் ஒதுங்கி நிற்க ஒரு சீமைக்கருவேல நிழல் கிடைத்தாலே பெரிய விஷயம். அதனால் பளபளக்கும் வண்ணத்திரையை விடு. நேர்வெயிலிலும் எழுத்து தெரிகிற திரை, வியர்வைக் கையாலும் சகதிக் கையாலும் அழுத்த முடிகிற பொத்தான், ஜிபிஎஸ் ஓடியபடியே பொழுது சாயும்வரை தாங்கும் பேட்டரி. இவ்வளவு இருந்தால் வாங்கு. ராணுவத் தரம் என்று பெட்டியில் போட்டிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதே. பல கம்பெனிகள் தாமே சோதித்துத் தாமே ஒட்டிக்கொள்ளும் முத்திரை அது.

வாங்கியதும் முதலில் சாத்தனூர் கல்மரத்துக்குப் போ. 1940-இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் உலகுக்குச் சொன்ன மரம், 18 மீட்டர் நீளம். வேலிக்கு வெளியே நின்றபடி, அடிப்பக்கத்துக்கு நேராக ஒரு புள்ளியும் நுனிப்பக்கத்துக்கு நேராக ஒரு புள்ளியும் பதி. இரண்டுக்கும் இடையே எவ்வளவு காட்டுகிறது என்று பார். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை செய். உன் வாட்ச் எவ்வளவு பொய் சொல்லும் என்று அந்த மரமே காட்டிக்கொடுத்துவிடும்.

இனி காரை. தோட்டா மாதிரி ஒரு பெலம்னைட் புதைபடிவம் கண்ணில் பட்டதும் குனிந்து எடுத்துவிடாதே. பக்கத்தில் நின்று ஒரு நிமிஷம் பொறு, பிறகு இடத்தைப் பதி. 20,000 கிலோமீட்டருக்கு மேலே சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது 4 தெரிந்தால்தான் கணக்குச் சரியாக வரும். ஓடையின் கரைச்சுவர் பாதி வானத்தை மறைத்தால் புள்ளி தாவும். திறந்தவெளியில் 5 மீட்டர் பிழை என்றால் நல்ல வாட்ச்தான்.

ஆனால் காரையில் 5 மீட்டர் என்பது சின்ன விஷயமில்லை. மழை அறுத்த பள்ளத்தில் ஐந்து மீட்டர் இறங்கினால் வேறு அடுக்கு, வேறு காலம். போதாததற்கு, மேல் அடுக்கிலிருந்து உருண்ட கல் கீழ் அடுக்கின்மேல் சாவகாசமாகக் கிடக்கும். வாட்ச் சொல்வது கல் கிடந்த இடம். அது பிறந்த இடத்தை நீதான் தேட வேண்டும். களிமண்ணின் நிறம் என்ன, ஜிப்சம் நரம்பு ஓடுகிறதா, கல் பாறையில் பதிந்திருந்ததா, உதிரியா, மேலே கெட்டிப் பாறை எத்தனை அடி உயரத்தில் தொடங்குகிறது, எல்லாவற்றையும் அங்கேயே நோட்டில் எழுது. சாயங்காலம் ஹாஸ்டலில் எழுதிக்கொள்ளலாம் என்று வைக்காதே.

வாட்ச்தான் உயரம் காட்டுகிறதே என்பாய். அது பெரும்பாலும் காற்றழுத்தத்தை வைத்துப் போடும் கணக்கு. நம் ஊரில் வானம் தெளிவாக இருக்கும் நாளிலும் காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணிக்குள் அழுத்தம் 3 மில்லிபார் அளவுக்கு இறங்கும். மில்லிபாருக்கு 8 மீட்டருக்குச் சற்று மேல். நீ ஒரே பாறையில் உட்கார்ந்து சோறு தின்றாலும் 25 மீட்டர் ஏறிவிட்டதாக அது சொல்லும். ஜிபிஎஸ்ஸைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும் வாட்சுகள் உண்டு. அடுக்கின் கனத்தை அளக்க அவையும் உதவா, டேப்பைப் பிடி.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்றால், கல்லமேட்டை நினைத்துப் பார். அங்கே கிடைத்த ராட்சத டைனோசர் எலும்புகளுக்கு 1987-இல் யாதகிரியும் அய்யாசாமியும் புருகத்கயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். முதலில் ஊனுண்ணி என்றார்கள், பிறகு தழையுண்ணிக் கூட்டத்தில் சேர்த்தார்கள். எலும்புகள் நொறுங்கிப் போய்விட்டன. எவ்வளவு பெரிய விலங்கு என்று இன்றும் வாதம் நடக்கிறது, அதுவும் அன்றைய படங்களையும் குறிப்புகளையும் வைத்துக்கொண்டு.

துறை நூலகத்தில் பழைய டோப்போ ஷீட் வரைபடம் கிடைத்தால் வாட்ச் எண்ணை அப்படியே அதில் குறிக்காதே. அந்த ஷீட் எவரெஸ்ட் என்ற பழைய புவி அளவையில் போட்டது, வாட்ச் காட்டுவது டபிள்யூஜிஎஸ் 84. நம் பக்கத்தில் புள்ளி 100 மீட்டருக்கு மேல் தள்ளி விழும், பக்கத்து ஊர் ஓடைக்கே போய்விடலாம்.

நடந்த தடத்தைச் செயலியில் ஊருக்கே காட்டும் பழக்கம் உங்கள் வயசுக்காரர்களுக்கு உண்டு. 2017-இல் ஸ்ட்ராவா என்ற செயலி வெளியிட்ட வரைபடத்தில் ராணுவ முகாம்களே தெரிந்துபோயின. உன் தடம் தெரிந்தால் அடுத்த ஞாயிறே காரைக்குச் சாக்கோடு ஆள் வரும். தடத்தை உனக்கு மட்டும் என்று வைத்துக்கொள்.

மயிலூற்று அருவிக்கும் பச்சைமலைக்கும் போகும்போது, திரும்ப 'வந்த வழியே' என்பதைத் தேர்ந்தெடு. நேர்கோட்டு வழி காட்டும் அம்புக்குறிக்குப் பள்ளம், பாறை எதுவும் தெரியாது. அடர்ந்த மரத்தடியில் தடம் கொஞ்சம் கோணலாக விழும், பயப்படாதே.

ஊரில் வரப்புத் தகராறுக்கு உன் வாட்சைக் கேட்டுச் சித்தப்பா நிச்சயம் வருவார். கொடுக்காதே. அதன் பிழை வரப்பைவிட அகலம். சர்வேயரும் புலப்படமும் பார்த்துக்கொள்ளட்டும். எங்கள் சுரங்க வேலையில் குத்தகை எல்லைக் கல்லையே பிழை திருத்தும் டிஜிபிஎஸ் கருவி வைத்துத்தான் அளக்கிறோம்.

களிமண் பொத்தானில் ஏறினால் நல்ல தண்ணீரில் அலசு, தண்ணீருக்குள் வைத்து அழுத்தாதே. சார்ஜ் ஏறும் முனைகளில் வியர்வை உப்பைத் துடைத்துவிட்டுச் செருகு.

துபாயிலிருந்து அண்ணன் வாங்கி வருவதாகச் சொன்னாயே, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்புகிற வகை என்றால் வேண்டாம் என்று இன்றைக்கே போன் போட்டுச் சொல். அரசு அனுமதி இல்லாமல் அதை இங்கே வைத்திருப்பது குற்றமாகலாம். விமான நிலையத்திலேயே பிடிக்கவும் கூடும்.

அன்புடன்,
மாமா
அரியலூர்