பாடம் 9: அலையாத்திக் காட்டுக்குப் படகில் போவோம்

காட்டுக்குள் எப்படிப் போவீர்கள்? நடந்துதானே! நாம் இன்று போகும் காட்டுக்குப் படகில்தான் போக வேண்டும்.

அது தமிழ்நாட்டில், திருவாரூர் மாவட்டத்தில், முத்துப்பேட்டைக்கு அருகில் இருக்கிறது. காவிரியின் கிளை ஆறுகள் கடலோடு கலக்கும் இடம் அது. வனத்துறையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, கோரையாற்றில் படகு ஏறுங்கள். இரு கரையிலும் பச்சைச் சுவர்போல மரங்கள் தெரியும். மரத்தைச் சுற்றிச் சேற்றில் என்ன அது? படகோட்டியிடம் கேளுங்கள்.

“அண்ணே, மரத்தச் சுத்திக் குச்சி குச்சியா நிக்குதே, அது என்ன?”

“குச்சி இல்ல தம்பி, வேரு! சேத்துக்குள்ள காத்து கிடைக்காதுல்ல? அதான் வேரு மேல வந்து மூச்சு விடுது.”

இலையைத் தொட்டு விரலை நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரிக்கும்! வேர் உறிஞ்சிய உப்பை மரம் இலை வழியாக வெளியேற்றுகிறது.

ஆறு முடிந்ததும் பெரிய காயல் வரும். குளிர்காலத்தில் இங்கே வெளிநாட்டுப் பறவைகள் வந்து தங்கும். பூநாரைகளையும் பார்க்கலாம். சத்தம் போடாதீர்கள்; பறந்துவிடும்!

அலையின் வேகத்தை ஆற்றுவதால் இது அலையாத்தி என்பார்கள். ஆனால் இந்தக் காடே ஒரு காலத்தில் அழியத் தொடங்கியது. மரங்களை வெட்டியதால் நிலம் தட்டுப்போலக் குழிந்தது. கடல்நீர் அதில் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு மிகுந்தது. புதிய செடிகள் முளைக்கவில்லை. பிறகு வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டினார்கள். கடல்நீர் உள்ளே வந்து வெளியே போனது. நட்ட கன்றுகள் பிழைத்தன.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்தக் கரையைத் தாக்கியது. ஏராளமான மரங்கள் முறிந்தன. இலை உதிர்ந்து பட்டுப்போயின. மறுபடியும் கன்று நட ஆள் வேண்டியிருந்தது. நம்மைக் காக்கும் காட்டை நாமும் காக்க வேண்டாமா?

சொல்லும் பொருளும்
காயல் – கடலை ஒட்டிய உப்புநீர்ப் பரப்பு
ஆற்றுதல் – தணித்தல்
பட்டுப்போதல் – மரம் காய்ந்து போதல்

பேசுவதும் எழுதுவதும்
சுத்தி – சுற்றி
நிக்குது – நிற்கிறது
காத்து – காற்று
சேத்துக்குள்ள – ______

விடை எழுதுக
1. வேர்கள் ஏன் சேற்றுக்கு மேலே வருகின்றன?
2. வாய்க்கால் வெட்டியதும் கன்றுகள் ஏன் பிழைத்தன?
3. நீங்கள் வாழும் நாட்டில் சதுப்பு நிலம் எங்கே உள்ளது? வீட்டில் கேட்டு, ஐந்து வரி எழுதுங்கள்.