நிபந்தனை வினையைக் கற்போருக்கு



ஸ்பானிய மொழியின் நிபந்தனை வினை உன்னைச் சோர்வடையச் செய்வதாக எழுதியிருக்கிறாய். அம்மொழியில் இதைப்போல் ஒழுங்கான வினைவடிவங்கள் மிகச் சில என்பதே என் அபிப்பிராயம். பெரும்பாலான காலங்களில் வினையின் ஈற்றைக் களைந்த பிறகே விகுதி சேர்க்கிறோம். இங்கோ அகராதியிலுள்ள முழுச்சொல்லையும் அப்படியே நிறுத்தி, ஈயா, ஈயாஸ், ஈயா, ஈயாமோஸ், ஈயாயிஸ், ஈயான் என்னும் விகுதிகளைச் சேர்த்தால் போதும். 'ஆர்', 'ஏர்', 'ஈர்' என முடியும் மூவகை வினைகளுக்கும் இவையே பொது: ஆப்லார் ஆப்லரீயா ஆகும்; கோமேர் கோமெரீயா ஆகும்; பிபீர் பிபிரீயா ஆகும். விதிவிலக்கான சில வினைகளிலும் மூலம் திரியுமேயன்றி விகுதி திரிவதில்லை.

லத்தீன் பேச்சுவழக்கில், மூல வினையின் பின்னே 'உடைமை' குறிக்கும் வினையின் இறந்தகால வடிவம் வந்து நின்று, காலக்கிரமத்தில் தேய்ந்து ஒட்டிக்கொண்டதன் விளைவே இவ்வடிவம். ஆகையால்தான் பழைய ஸ்பானியத்தில் இரண்டுக்கும் நடுவே 'அவனுக்கு', 'எனக்கு' போன்ற பிரதிப்பெயர் புகுந்து நிற்க இடமிருந்தது.

உச்சரிப்பில் கவனமாயிரு: கோமீயா என்றால் 'உண்டுகொண்டிருந்தேன்'. கோமெரீயா என்றால் 'உண்பேன், இயலுமானால்'. நடுவிலுள்ள ரகரத்தை விழுங்கினால் அர்த்தமே மாறிவிடும். தன்மை ஒருமையும் படர்க்கை ஒருமையும் ஒரே வடிவமாதலால், ஐயம் நேருமிடத்தில் 'யோ', 'எய்யா' என்று எழுவாயைச் சொல்லிவிடு.

வடிவம் சுலபமாதலால், உன் பிரயாசையைப் பிரயோகத்தில் செலவிடு. 'மே குஸ்தரீயா' என்று தொடங்கும் வேண்டுகோளில் மரியாதை தானே அமைந்துவிடும். 'ஸெரீயான் லாஸ் தியேஸ்' என்றால், அப்போது மணி பத்திருக்கும் என்ற அனுமானம். 'திஹோ கே யெகரீயா' என்றால், வருவதாக அவன் முன்பு சொன்ன செய்தி. இக்கடைசிப் பிரயோகத்தை முதன்மையாகக் கொண்டே, கராகஸில் பிறந்த ஆந்த்ரேஸ் பெய்யோ, 1847-இல் வெளியிட்ட தமது இலக்கணத்தில் இவ்வடிவத்துக்கு 'இறந்தகாலத்துக்குப் பிற்பட்டது' எனப் பெயரிட்டார்.

நிபந்தனைப் பொருள்தரும் 'ஸி'யை அடுத்து மட்டும் இவ்வடிவத்தை வைக்காதே. அங்கே சப்ஜங்க்டிவ் வடிவமே வேண்டும்: 'ஸி துபியேரா தினேரோ, கொம்ப்ரரீயா லா காஸா' (பணமிருந்தால் வீட்டை வாங்குவேன்). பாஸ்க் நாட்டிலும் புர்கோஸ் பக்கத்திலும் 'ஸி தெந்த்ரீயா' என்று பேசுவது காதில் விழக்கூடும். அது வட்டார வழக்கு, எழுத்தில் செல்லாது.

தினந்தோறும் 'ஸி' வைத்துச் சில வாக்கியங்களை எழுதி, உரக்கப் படித்து வா. விகுதிகளை ஒரு மாலைப்பொழுதில் மனனம் செய்துவிடலாம். வாக்கியத்தில் அவற்றின் இடத்தை அறியவே அப்பியாசம் வேண்டும்.