சிவனொளிபாதமலை யாத்திரையும் சிறுவர்களும்

மன்னார்த் தீவு சமதரையான மணல் நிலம். உப்புக்குளத்துப் பிள்ளைகள் மலையேறிப் பழகாதவர்கள். ஆகவே 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலைக்கு அவர்களைக் கூட்டிச் செல்லும் பெற்றோர் சிலவற்றை மனங்கொள்ளல் வேண்டும்.

யாத்திரைக் காலம் டிசம்பர்ப் பூரணை முதல் வெசாக் பூரணை வரையாகும். இரத்தினபுரிப் பாதை நீண்டது. நல்லதண்ணிப் பாதை கிட்டியது. ஆயினும் 5,000க்கு மேற்பட்ட படிகள் உண்டு. சூரியோதயங் காண இரவிலேயே ஏறுவது வழமை. ஆதலால் பிள்ளைகளை முன்னிரவில் நித்திரை கொள்ளச் செய்தல் நன்று. ஏறும்போது பிள்ளையின் நடைக்கேற்பவே பெரியவர்கள் நடக்க வேண்டும். உச்சியில் குளிர்காற்று வீசும். வியர்த்த சட்டையை மாற்றி சுவெற்றர் அணிவித்தல் அவசியம். இறங்கும்போதே முழங்கால் அதிகம் நோகும், அவசரம் கூடாது.

ஏறிய தடவைகளின் எண்ணிக்கைப்படி உச்சியிலுள்ள மணியை அடிப்பது மரபு. அந்த ஓசைக்காகக் களைத்த பிள்ளையை வருத்தலாகாது. இடைவழியில் நின்று வணங்கித் திரும்பினாலும் அது யாத்திரையே. திருவடி அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும்.