முதலில் மெஷின் வாங்காதே

தாம்பரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். கடைக்காரர் கொடுத்த செயின்சாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அய்யனார் கோயில் வாசலில் நிற்கும் வீரன் மாதிரி நிற்கிறாய். “எந்த மெஷின் வாங்கலாம் மாமா, இந்த வாரம் தள்ளுபடி இருக்கு” என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் காற்றோடு போய்விடும், அதனால்தான் எழுதுகிறேன். மெஷினைக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம். முதலில் கயிறு வாங்கு.

நான் இந்த வேலைக்கு வந்தபோது ஒரு தென்னங்கயிறு, ஓர் அரிவாள், மடித்துக் கட்டிய கைலி, இவ்வளவுதான். இன்று என் பையில் இரண்டு ஜாதிக் கயிறு இருக்கிறது. ஒன்று நான் தொங்கும் கயிறு, பன்னிரண்டு பதின்மூன்று மில்லிமீட்டர் கனம், மரம் ஏறுவதற்கென்றே செய்தது. இன்னொன்று வெட்டிய கிளையை இறக்கும் கயிறு. ஒன்றின் வேலைக்கு இன்னொன்றை எடுப்பதே இல்லை. இறக்கும் கயிறு பட்டையில் உராய்ந்து, வெட்டென்று பாரம் வாங்கி, உள்ளுக்குள்ளேயே நைந்துபோயிருக்கும். வெளியே பார்த்தால் புதிதுபோலத்தான் தெரியும். காலையில் டீ குடிப்பதற்கு முன்னால், தொங்கும் கயிற்றை முழுக்க உள்ளங்கை வழியே உருவிப் பார்ப்பேன். எங்காவது மெத்தென்று இருந்தாலோ, இளைத்திருந்தாலோ, உருகிக் கண்ணாடிபோலப் பளபளத்தாலோ அந்த இடத்தோடு வெட்டிவிடுவேன். அக்கா வீட்டு மாட்டுத் தொழுவத்தில் கட்டியிருப்பது அப்படி வெட்டிய துண்டுதான். கிணற்றுக்குக் கட்டும் நீல பிளாஸ்டிக் கயிற்றில் மட்டும் தொங்காதே. வெயிலில் கிடந்து கிடந்து அது கை பட்டாலே பொடியும்.

தொங்கும் கயிற்றில் ஏறி இறங்க ஒரு முடிச்சு இருக்கிறது. மெல்லிய கயிற்றைத் தடித்த கயிற்றின்மேல் சுற்றிக் கட்டுவது. பாரம் விழுந்தால் இறுகும், பாரத்தை எடுத்தால் நகரும். 1931இல் கார்ல் புருசிக் என்ற ஆஸ்திரிய மலையேறி எழுதி வைத்தது. ‘புருசிக்’ என்றே கேள், கடையில் தெரியும். வீட்டு உத்தரத்தில் கயிற்றைப் போட்டு ஒரு மாதம் பழகு. இருட்டில் கட்ட வரும்போது மரத்துக்கு வா.

இனி, தரையில் நிற்பவன். இவன் இல்லாமல் ஏறவே கூடாது. ஓர் அடிக் குறுக்களவும் பத்தடி நீளமும் உள்ள பச்சைக் கட்டை ஏறக்குறைய 200 கிலோ வரும். புளியாக இருந்தால் அதற்கும் மேலே. இரண்டு பேர் சேர்ந்து பிடித்தாலும் நிற்காது. கயிற்றை அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டால் பட்டையின் உராய்வே பாரத்தில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். அப்புறம் ஒற்றை ஆள் மெல்ல மெல்ல விடலாம். கயிற்றைக் கையில் மட்டும் சுற்றிக்கொள்ளக் கூடாது. விரல் போன ஆட்களை எனக்குத் தெரியும்.

ஏறுவதற்கு முன் அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு சும்மா நில். வீட்டுக்காரர் “என்ன, ஏற பயமா?” என்று கேட்பார். கேட்கட்டும். அடியில் காளான் முளைத்திருக்கிறதா, ஒரு பக்கம் மண் வெடித்திருக்கிறதா, மரங்கொத்தி எங்கே ஓட்டை போட்டிருக்கிறது என்று பார். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் கோடாலியின் பின்பக்கத்தால், பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல, மரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வருவார். சத்தம் மாறும் இடத்தில் பொந்து இருக்கும். மரத்தின் குணமும் தெரிந்திருக்க வேண்டும். புளியங்கொம்பைப் பிடித்தவன் என்று சும்மா சொல்லவில்லை. அது வளையும், லேசில் முறியாது. முருங்கையும் ஒதியமும் அப்படியில்லை. தொடை கனம் இருக்கும், ஏறி உட்கார்ந்தால் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். அவற்றில் ஏறாதே, ஏணி போட்டு வெட்டு. மாமரத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்த உருண்டை தெரிந்தால் அது முசுறு எறும்பின் கூடு. கண் இமையில் கடித்தால் கை தானாகக் கயிற்றை விட்டுவிடும்.

கரண்ட் கம்பி பக்கத்தில் இருந்தால் அன்றைக்கு வேலை இல்லை. மின்வாரியத்தில் சொல்லி, லைன்மேன் வந்து லைனை நிறுத்தியதை உன் கண்ணால் பார்த்த பிறகே ஏறு. பச்சை மரத்தில் கரண்ட் பாயும், மழையில் நனைந்திருந்தால் கேட்கவே வேண்டாம். தெருவே இருட்டாக இருக்கிறது என்று நம்பியும் கை வைக்காதே. எங்கோ ஒரு வீட்டில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கலாம், தப்பாக இணைத்திருந்தால் அது கம்பிக்குத் திரும்பி வரும்.

வெட்டும் விதத்துக்கு வருகிறேன். உன்னைப்போல எனக்கும் கிளையை அடிமரத்தோடு ஒட்ட, மழுமழுவென்று அறுத்துவிடுவதுதான் அழகு என்ற நினைப்பு இருந்தது. வேளாண் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஓர் ஐயா வீட்டில் வேம்பைக் கழிக்கப் போனபோதுதான் அது மாறியது. கிளை அடிமரத்தில் சேரும் இடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சட்டைக் காலர் மாதிரி ஒரு வீக்கம் இருக்கும். அது அடிமரத்தின் சதை, கிளையினுடையது அல்ல. அதை விட்டு, அதற்கு வெளியே அறுத்தால் சுற்றிலும் பட்டை வளர்ந்து காயத்தை மூடிக்கொள்ளும். காலரையும் சேர்த்து அறுத்தால் புண் பெரிதாகி அடிமரத்துக்குள்ளேயே அழுகல் இறங்கும். முழம் நீளம் குச்சியாக விட்டாலும் தப்பு, அது பட்டுப்போய் அழுகலுக்கு வாசலாகும். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களை செயின்சாவால் நெடுக்காகப் பிளந்து பார்த்துக் கண்டதாம் இது. நம் தோல்போல மரத்துக்குப் புண் ஆறாது, கெட்ட பகுதியைச் சுற்றி உள்ளே சுவர் கட்டி ஒதுக்கிவிட்டு மேலே வளரும், அவ்வளவுதான் என்றார் ஐயா. இன்று நீ வைக்கும் வெட்டு ஐம்பது வருடம் கழித்தும் அந்த மரத்துக்குள் இருக்கும். தார், பெயின்ட், சாணி எதுவும் பூச வேண்டாம்.

பெரிய கிளையை ஒரே வெட்டில் இறக்காதே. அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி முதலில் கீழேயிருந்து கொஞ்சம் அறு. பிறகு அதற்குச் சற்று வெளியே மேலேயிருந்து அறு, கிளை பட்டையைக் கிழிக்காமல் விழும். மிச்சமிருக்கும் கட்டையைக் காலருக்கு வெளியே மூன்றாவது வெட்டில் எடு. கீழ் வெட்டை மறந்தால், வாழை மட்டை உரிந்து வருவதுபோல அடிமரத்தின் பட்டை ஆளுயரத்துக்குக் கிழிந்து தொங்கும்.

உன்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: “மொட்டை அடிச்சிடுங்க.” தலைக்கு மொட்டை போட்டால் முடி பழையபடி வளரும். மரத்துக்கு அப்படியில்லை. வெட்டிய முனையைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் துளிர் கிளம்பும். ஒவ்வொன்றும் மேல்பட்டையில் ஒட்டிக்கொண்டிருப்பதே தவிர, கட்டைக்குள் இறங்கியிருக்காது. நாலைந்து வருடத்தில் அதுவே கனத்து, அடுத்த புயலில் அவர்கள் கார்மேலேயே விழும். நான் மொட்டை அடிப்பதை நிறுத்திய முதல் வருடம் வேலை குறைந்தது உண்மை. இப்போது அந்த வேலையைக் கேட்டால், பட்ட கிளை, உரசும் கிளை, வீட்டின்மேல் கவியும் கிளை, இவற்றை எடுத்துத் தருகிறேன், பிடிக்காவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

கூலி பேசுவதும் வேலையில் ஒரு பாகம்தான். கட்டை யாருக்கு என்பதை முதலிலேயே கேள். புளி, வேம்பு என்றால் விறகுக்கோ மரவாடிக்கோ போகும், கட்டை நமக்கென்றால் கூலியைக் குறைக்கலாம். முருங்கையை யாரும் சீண்டமாட்டார்கள், குட்டியானை வண்டி வாடகை கொடுத்துக் குப்பையாகத்தான் ஏற்ற வேண்டும். அந்த வாடகையைக் கணக்கில் சேர்க்காமல் வாயை விட்டு, அன்றைய கூலி முழுவதையும் வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டு நடந்து வந்திருக்கிறேன். தனியாகத் தொழில் செய்பவனுக்கு நஷ்டத்தைத் தாங்க முதலாளி கிடையாது. நான் இறக்கிய ஒரு கிளை ஊசலாடிப்போய் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் இடித்தது. தொட்டிக்கும் நனைந்த வீட்டுச் சாமானுக்கும் மூன்று மாதம் தவணை கட்டினேன். தவறு என்னுடையது, கிளையின் நுனியில் இரண்டாவது கயிறு கட்டவில்லை. வாசலுக்கு வெளியே நிற்கும் மரம் வீட்டுக்காரரே நட்டதாக இருந்தாலும் தெருவுக்குச் சொந்தம், மாநகராட்சி அனுமதியைக் காட்டாமல் தொடாதே. பனை என்றால் கலெக்டர் அனுமதி வேண்டும், 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தது. வருடம் 20 ரூபாய்க்கு வங்கியில் விபத்துக் காப்பீடு இருக்கிறது, இரண்டு லட்சம். நாளைக்கே போய்ப் போடு. அக்காவும் கொஞ்சம் தூங்கட்டும்.

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. வர்தா புயல். மறுநாள் காலை சென்னையில் தெருவே தெரியவில்லை. குல்மோகரும் மஞ்சள் பூ பூக்கும் இயல்வாகையும் வரிசையாகக் கிடந்தன. கேபிளுக்கும் கால்வாய்க்கும் தோண்டித் தோண்டி ஒரு பக்க வேரை வெட்டியிருந்த மரங்கள் அவற்றில் நிறைய. அந்த வாரம் அரிவாள் பிடிக்கத் தெரிந்தவனெல்லாம் மெஷின் எடுத்தான். வேரோடு சாய்ந்த மரத்தின் தண்டை அறுத்ததும், தலைப் பாரம் போன வேர்த்தட்டு மண்ணோடு சடாரென்று எழுந்து பழையபடி குழிக்குள் உட்காரும். அந்தக் குழிக்குள் நின்று ஒரு பையன் செல்போன் பேசிக்கொண்டிருந்தான். நான் போட்ட சத்தத்தில் வெளியே வந்தான். வளைந்து கிடக்கும் கிளை இழுத்துக் கட்டிய வில். எந்தப் பக்கம் இழுவை, எந்தப் பக்கம் அழுத்தம் என்று தெரியாமல் அதில் பல்லை வைக்காதே.

இப்போது மெஷின். பிளேடு நுனியின் மேல்பாதி கட்டையில் பட்டால் மெஷின் மூஞ்சியைப் பார்த்து எகிறும், கண் சிமிட்ட நேரம் இருக்காது. இரண்டு கையாலும் பிடி. மரத்தின்மேல் மெஷின் ஓடும்போது உடம்பு இரண்டு இடத்தில் கட்டப்பட்டிருக்க வேண்டும், ஒன்றை நீயே அறுத்துக்கொண்டாலும் இன்னொன்று தாங்கும். ஹெல்மெட், கண்ணாடி, காதடைப்பு எல்லாம் மெஷினோடு சேர்ந்த செலவு. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-டி ஆயில் என்பது என் மெஷினின் கணக்கு, உன்னுடையதற்கு அதன் புத்தகத்தைப் பார். அறுக்கும்போது தேங்காய்த் துருவல் மாதிரி விழுந்தால் பல் நன்றாக இருக்கிறது. அரிசி மாவு மாதிரி பறந்தால் மழுங்கிவிட்டது, உடனே நிறுத்து. உருண்டை அரத்தை உள்ளிருந்து வெளியே, ஒரே திசையில் தள்ளு. இடப்பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் வலப்பல்லுக்கும் மூன்று. எண்ணிக்கை தவறினால் வெட்டு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போகும். அரம் தீட்டத் தெரியாதவனுக்கு எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மெஷினும் ஒரு வாரம்தான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை சேலையூரில் ஒரு தூங்குமூஞ்சி மரம். வீட்டின்மேல் படர்ந்த மூன்று கிளைகளை இறக்க வேண்டும். போன மாதமே செய்திருக்க வேண்டியது, காக்கைக் கூட்டில் குஞ்சு இருந்ததால் தள்ளிப்போட்டேன். காலை ஆறு மணிக்கு வந்துவிடு. முழுக்கால் பேன்ட், கட்டிய ஷூ. நீ தரையில் கயிறு பிடிக்கிறாய். தள்ளுபடி முடிந்தால் முடியட்டும்.

அன்புடன்,
மாமா